ஆயுத மார்க்கெட் மாறிட்டு இருக்கு, ஒரு நாட்டோட டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரி அதுக்கு எப்படி தயாராகணும்

2022 ஜூலைல போலந்தும் தென்கொரியாவும் ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டாங்க, ஆகஸ்ட்ல 180 கே2 டேங்குக்கும் 212 கே9 பீரங்கி வண்டிக்கும் கான்ட்ராக்ட் சைன் ஆச்சு, டிசம்பர் முதல் வாரத்துல பாத்தா 10 டேங்கும் 24 பீரங்கியும் போலந்தோட க்டினியா துறைமுகத்துல கப்பல்ல இருந்து இறங்கிருச்சு. நாலே மாசம். அந்த நேரத்துல ஐரோப்பாவுல பேர் பெற்ற கம்பெனிங்ககிட்ட போய் டேங்க் கேட்டிருந்தா வருஷக்கணக்குல காத்திருக்கணும்.

கொரியாவால எப்படி முடிஞ்சுதுன்னா, அவங்க தயாரிப்பு லைன் நிக்காம ஓடிட்டு இருந்துச்சு. பக்கத்துலயே எதிரி இருக்கறதால அவங்க ராணுவம் வருஷா வருஷம் வாங்கிட்டே இருந்துச்சு, அவசரம்னு வந்தப்ப தனக்குன்னு தயாராகிட்டு இருந்ததை விட்டுக்கொடுத்து போலந்துக்கு முதல்ல அனுப்பவும் முடிஞ்சுது. இன்னைக்கு ஆயுதம் வாங்க வர்ற நாடு முதல்ல கேக்கறது இதைத்தான்: எப்ப தருவீங்க, எத்தனை தருவீங்க, தீர்ந்துபோச்சுன்னா மறுபடி தருவீங்களா. பொருள் எவ்வளவு பிரமாதம்ங்கற பேச்சு அதுக்கப்புறம்தான் வருது. நான் இந்த விஷயத்தை ரொம்ப நாளா விடாம படிச்சுட்டு வர்றேன், கீழ சொல்ற எல்லாமே இந்த மூணு கேள்விக்கு பதில் சொல்ற நிலைமைக்கு ஒரு நாடு எப்படி வர்றதுங்கறதுதான். பாலிசி எழுதற இடத்துல இருக்கறவங்களுக்கும், சின்ன பார்ட்ஸ் சப்ளையருக்கும், இதைப் பாடமா படிக்கற பசங்களுக்கும் சேர்த்து எழுதறேன்.

நம்பரை படிக்கக் கத்துக்கோங்க

பிளான் போடறதுக்கு முன்னாடி மார்க்கெட்ல என்ன நடக்குதுன்னு நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்கணும். ஸ்வீடன்ல இருக்கற சிப்ரிங்கற ஆராய்ச்சி நிறுவனம் ராணுவ செலவு, ஆயுத வியாபாரம் பத்தி வருஷா வருஷம் கணக்கு வெளியிடுது, அது ஃப்ரீயாவே கிடைக்குது. 2024ல உலகம் முழுக்க ராணுவ செலவு 2.7 லட்சம் கோடி டாலர், முந்தின வருஷத்தை விட 9.4 சதவீதம் அதிகம், கோல்ட் வார் முடிஞ்சதுல இருந்து இவ்வளவு பெரிய ஏத்தம் வந்ததே இல்ல. ஏற்றுமதி பக்கம் பாத்தீங்கன்னா 2020-24ல அமெரிக்கா மட்டும் 43 சதவீதம், ரெண்டாவது இடத்துக்கு ஃப்ரான்ஸ் வந்துருச்சு, ரஷ்யாவோட ஏற்றுமதி அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்தோட ஒப்பிட்டா 64 சதவீதம் விழுந்திருக்கு. அந்த காலி இடத்துலதான் கொரியா, துருக்கி, இஸ்ரேல், இத்தாலி எல்லாம் கால் வெச்சுட்டு இருக்காங்க.

இந்த நம்பர்களை படிக்கறப்ப ரெண்டு விஷயத்துல ஏமாறாதீங்க. ஒண்ணு, ஒரு வருஷ நம்பரை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, ஒரே ஒரு போர்க்கப்பல் டெலிவரி ஆனாலே ஒரு சின்ன நாட்டோட கணக்கு எகிறிடும், அதனாலதான் சிப்ரி அஞ்சு வருஷம் சேர்த்து பாக்குது. இன்னொண்ணு, அரசாங்கம் "இவ்வளவு கோடிக்கு ஏற்றுமதி"ன்னு அறிவிச்சா அது லைசென்ஸ் கொடுத்த மதிப்பா, கையெழுத்தான ஆர்டரா, உண்மையிலேயே கப்பல் ஏறின சரக்கான்னு கேளுங்க. மூணுக்கும் நடுவுல வருஷங்கள் இருக்கும், சில சமயம் முதல் கட்டத்தோடயே நின்னுபோயிடும். கையெழுத்து போடற ஃபோட்டோவை பாத்து சந்தோஷப்பட்டு அதோட விட்டுட்டா தப்பு எங்க நடக்குதுன்னே தெரியாம போயிடும்.

எதைச் செய்ய மாட்டோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமான படி, பெரும்பாலும் யாரும் செய்ய விரும்பாத படியும் கூட. சொந்த போர் விமானம்னா எல்லா நாட்டுக்கும் ஒரு ஆசை, கௌரவம். இஸ்ரேல் 1980கள்ல லாவின்னு ஒரு விமானம் செஞ்சாங்க, பறந்து கூட காட்டிட்டாங்க, ஆனா 1987 ஆகஸ்ட்ல அவங்க கேபினட் 12க்கு 11ன்னு ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல அதை நிறுத்துச்சு. செலவு அவங்க பொருளாதாரத்தையே சாப்பிட்டுரும்ங்கற நிலைமை. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, தெருவுல போராட்டம் நடந்துச்சு, அந்த வலியை சின்னதா சொல்லக்கூடாது. ஆனா அந்த இன்ஜினியருங்க கைல இருந்த திறமை ரேடார், ஏவியானிக்ஸ்ங்கற விமான எலக்ட்ரானிக்ஸ், ஏவுகணை, ஆளில்லா விமானம், பழைய விமானத்தை புதுசாக்கற வேலைன்னு பரவுச்சு. 2024ல இஸ்ரேலோட டிஃபென்ஸ் ஏற்றுமதி கிட்டத்தட்ட 1,480 கோடி டாலர், அதுல சொந்தமா முழுசா செஞ்ச போர் விமானம் ஒண்ணு கூட கிடையாது.

இதையே கனடாவோட ஆவ்ரோ ஏரோ கதையோட சேர்த்து பாருங்க. 1959 பிப்ரவரி 20ஆம் தேதி எதிரி விமானத்தை வழிமறிக்கற அந்த இன்டர்செப்டர் விமானத் திட்டத்தை ஒரே நாள்ல ரத்து பண்ணாங்க, ஆயிரக்கணக்கானவங்களை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அடுத்து என்ன செய்யப்போறோம்னு எந்த ஏற்பாடும் இல்ல, நல்ல இன்ஜினியருங்க நிறைய பேர் நாசாவுக்கும் பிரிட்டனுக்கும் போயிட்டாங்க. ஆக நிறுத்தறது தப்பில்ல, நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த ஆளுங்களை எந்த வேலைக்கு மாத்தப்போறோம்னு பேப்பர்ல எழுதி வெச்சிருக்கணும்.

எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு கேட்டா என் கருத்து இது: உங்க சொந்த ராணுவத்துக்கு தொடர்ந்து நிறைய தேவைப்படற பொருள், கூடவே தீர்ந்து தீர்ந்து போற பொருள். பீரங்கி குண்டு, சின்ன ஏவுகணை, ரேடியோ, சென்சார், ரிப்பேர் வேலை. எம்ப்ரேயர் ஒரு நல்ல உதாரணம், பிரேசில் கம்பெனி, போர் விமான பந்தயத்துல தனியா இறங்காம கேசி-390ங்கற சரக்கு விமானத்துல கவனம் வெச்சாங்க, ஏன்னா உலகம் முழுக்க பழைய ஹெர்குலிஸ் சரக்கு விமானங்கள் வயசாகிட்டு இருந்துச்சு. போர்ச்சுகல், ஹங்கேரி, நெதர்லாந்து, தென்கொரியான்னு வரிசையா வந்தாங்க.

ஒரு குண்டை கைல எடுத்து அதோட சங்கிலியை எண்ணுங்க

இந்த இடத்துல கொஞ்சம் நேரம் எடுத்து பாக்கணும். 155 மில்லிமீட்டர் பீரங்கி குண்டு, பழைய டெக்னாலஜி, நூறு வருஷமா செய்யறது, இதுல என்ன கஷ்டம்னு தோணும். ஐரோப்பிய யூனியன் 2023ல ஒரு வருஷத்துக்குள்ள உக்ரைனுக்கு 10 லட்சம் குண்டு தருவோம்னு சொல்லிட்டு, 2024 மார்ச் வந்தப்ப கிட்டத்தட்ட பாதிதான் கொடுக்க முடிஞ்சுது. உலகத்துலயே பணக்கார நாடுங்க சேர்ந்து முயற்சி பண்ணி நடந்தது இது.

ஏன்னு புரியணும்னா குண்டு எப்படி பொறக்குதுன்னு பாருங்க. ஸ்டீல் கம்பியை துண்டா வெட்டி, செக்கச்செவேல்னு காயவெச்சு, பிரஸ்ல நடுவுல குத்தி, இழுத்து நீட்டி, மூக்கு பக்கம் குறுக்கி, ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி, லேத்ல கடைஞ்சு, அடிப்பக்கம் ஒரு உலோக வளையத்தை அழுத்தி மாட்டி, உள்ள பூச்சு அடிச்சு முடிச்சா வெறும் கூடுதான் ரெடி. அப்புறம் வேற ஒரு ஃபேக்டரிக்கு போகணும், அங்க டிஎன்டிங்கற வெடிமருந்தை சுமார் 80 டிகிரில உருக்கி உள்ள ஊத்துவாங்க, ஊத்தினதை மெதுவா ஆற விடணும், அவசரப்பட்டு ஆற வெச்சா உள்ள ஓட்டை விழும், அந்த ஓட்டையோட சுட்டா பீரங்கி குழாய்க்குள்ளயே வெடிச்சு கூட நிக்கற ஆளுங்க செத்துடுவாங்க. அதனால எக்ஸ்ரே எடுத்து பாக்கறாங்க. அப்புறம் முன்னாடி மாட்டற, குண்டை வெடிக்க வெக்கற ஃப்யூஸ் தனி கம்பெனி, குண்டை தள்ளற ப்ரொப்பல்லன்ட் தூள் தனி கம்பெனி, அந்த தூளை பத்த வெக்கற ப்ரைமர் தனி.

இப்ப ஒவ்வொண்ணும் எங்கிருந்து வருதுன்னு பின்னாடி போங்க. ப்ரொப்பல்லன்டுக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேணும், அதுக்கு பருத்திக்கொட்டைல ஒட்டியிருக்கற குட்டை நார், லின்டர்னு சொல்லுவாங்க, அது வேணும். ஐரோப்பா அதுக்கு பெருமளவு சீனாவை நம்பியிருந்துச்சுன்னு உக்ரைன் போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. டிஎன்டி கதை இன்னும் மோசம், அமெரிக்கா சொந்தமா செய்யறதை 1986லயே நிறுத்திருச்சு, நேட்டோ பக்கம் பெரிய அளவுல செய்யற இடம்னா போலந்தோட நைட்ரோ-கெம். கடைசில 2024 நவம்பர்லதான் கென்டக்கில புது டிஎன்டி ஆலை கட்ட 43.5 கோடி டாலருக்கு கான்ட்ராக்ட் கொடுத்தாங்க. உலகத்துலயே பெரிய ஆயுத ஏற்றுமதியாளர், குண்டுக்குள்ள ஊத்தற மருந்துக்கு வெளில கையேந்தி நின்னாங்க.

அதனால நீங்க செய்ய வேண்டியது, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெரிய ஷீட் போடுங்க. ஒவ்வொரு பார்ட்டுக்கும் யார் சப்ளையர், எந்த நாடு, அவருக்கு மூலப்பொருள் எங்கிருந்து, ரெண்டாவது ஆள் இருக்காரா, மாசம் எத்தனை தர முடியும், ரெண்டு மடங்கு கேட்டா எத்தனை மாசம் ஆகும். முதல் அடுக்கு, அதாவது உங்ககிட்ட நேரா விக்கற சப்ளையரோட நிறுத்திடாதீங்க, நாலாவது அடுக்கு வரைக்கும் போங்க, பிரச்சனை பெரும்பாலும் அங்கதான் உக்காந்திருக்கும், பத்து பதினஞ்சு பேர் வேலை செய்யற ஒரு சின்ன பட்டறை, ஓனருக்கு வயசாகிருச்சு, பசங்களுக்கு தொழில்ல விருப்பம் இல்ல, அவர் கடையை மூடினா ஒரு ஏவுகணை லைன் நிக்கும். காலியம், ஜெர்மேனியம், ஆன்டிமனி, ரேர் எர்த் காந்தம் இதெல்லாம் ஷீட்ல தனி கட்டம் போட்டு எழுதுங்க. சீனா 2023ல காலியத்துக்கும் ஜெர்மேனியத்துக்கும் லைசென்ஸ் கட்டாயமாக்குச்சு, 2024 டிசம்பர்ல அமெரிக்காவுக்கு அனுப்பறதையே தடை பண்ணுச்சு, அந்த மாதிரி ஒரு நாள் காலைல செய்தி வந்தா உங்க ஸ்டாக் எத்தனை மாசத்துக்கு தாங்கும்ங்கறது அந்த ஷீட்ல இருக்கணும்.

ஷீட் ரெடியானதும் எந்த இடம் ரொம்ப குறுகலா இருக்கோ பணத்தை அங்க போடுங்க. கடைசி அசெம்பிளி ஹாலை பெருசா கட்டி ரிப்பன் வெட்டறது ஈஸி, தூள் ஆலை கட்டறதுக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க, பக்கத்து ஊர்க்காரங்க எதிர்ப்பாங்க, பர்மிட் வாங்கவே நாளாகும். ஆனா பல நாடுகள்ல குண்டு வெளில வர்றதை கட்டிப்போட்டது இந்த தூளும் வெடிமருந்தும்தான். ஜெர்மனில ரைன்மெட்டால் கம்பெனி உன்டர்லூஸ்ல 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்ட்ல ஆலையைத் திறந்தாங்க, 2027ல வருஷத்துக்கு மூணரை லட்சம் குண்டுங்கறது இலக்கு, அரசாங்கம் நீண்டகால ஆர்டர் கொடுத்ததாலதான் அவ்வளவு வேகமா கட்டினாங்க.

அடுத்தவன் பர்மிஷன்

உங்க பொருள்ல ஒரு சின்ன பார்ட் வெளிநாட்டுதுன்னா அந்த நாட்டுக்கு உங்க விற்பனையை தடுக்கற அதிகாரம் இருக்கு. இதை ஏற்கெனவே பட்ட ஆளுங்ககிட்ட இருந்து கத்துக்கறது நல்லது.

2020ல கொரியா எஃப்ஏ-50ங்கற சின்ன போர் விமானத்தை அர்ஜென்டினாவுக்கு விக்க பாத்துச்சு, அதுல பிரிட்டன் பார்ட்ஸ் சிலது இருந்துச்சு, ஃபாக்லாந்து போர் நடந்ததுல இருந்து அர்ஜென்டினா மேல பிரிட்டன் வெச்சிருக்கற கட்டுப்பாடு குறுக்க வந்துச்சு, டீல் போச்சு. துருக்கியோட டிபி2 ட்ரோன் 2020ல அஜர்பைஜானும் அர்மீனியாவும் மோதின கராபாக் போர்ல பேர் வாங்கின உடனே கனடா அதுக்கான கேமரா ஏற்றுமதியை நிறுத்துச்சு, அடுத்த வருஷம் லைசென்ஸையே ரத்து பண்ணுச்சு, துருக்கி தன்னோட அசெல்சான் கம்பெனி செஞ்ச கேமராவை வெச்சு சமாளிச்சுச்சு. அந்த அசெல்சானே 1975ல பொறந்தது, சைப்ரஸ் பிரச்சனைக்கு அப்புறம் அமெரிக்கா தடை போட்ட காலத்துல. ஆனா அதே துருக்கிக்கு அல்தாய் டேங்குல ஜெர்மன் இன்ஜின் கிடைக்காம வருஷக்கணக்குல தள்ளிப்போய் கடைசில கொரியா இன்ஜினை வெச்சாங்க. கேமராவுக்கு மாத்து சீக்கிரம் கிடைச்சுது, இன்ஜினுக்கு கிடைக்கல, இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் எல்லாத்தையும் விட கடைசில கைக்கு வர்ற வித்தை. கொரியாவே கே2க்கு சொந்த கியர்பாக்ஸ் செஞ்சு டெஸ்ட்ல பாஸ் ஆகாம சொந்த இன்ஜினோட ஜெர்மன் ரெங்க் கியர்பாக்ஸை சேர்த்துதான் ரெண்டாவது பேட்சை ஓட்டினாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஒரு பார்ட்டுக்காக மொத்த லைனையும் நிறுத்தி வெக்காதது சரியான முடிவு.

விக்கறவங்க பக்கமும் பாடம் இருக்கு. ஜெர்மனி உக்ரைனுக்கு கெபார்ட் விமான எதிர்ப்பு வண்டி கொடுத்தப்ப அதோட 35 மில்லிமீட்டர் குண்டு ஸ்விட்சர்லாந்துல செஞ்சது, நடுநிலைமை சட்டத்தைக் காட்டி மறு ஏற்றுமதிக்கு ஸ்விஸ் மறுத்துருச்சு. ஜெர்மனி சண்டை போட்டுட்டு இருக்கல, சொந்த மண்ணுல அந்த குண்டுக்கு புது லைன் போட்டுச்சு. ஸ்விஸ் சட்டம் அவங்க மக்களோட முடிவு, அதை மதிக்கறேன், ஆனா அதுக்கப்புறம் ஸ்விஸ் பார்ட் போட யோசிக்கற நாடுங்க கூடிருச்சுங்கறதும் உண்மை. உங்க நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு முதல் நாளே வாங்கறவங்ககிட்ட தெளிவா சொல்லிடுங்க, சண்டை நடுவுல சொன்னா அதுக்கப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.

சொந்த சட்டமே கட்டிப்போட்டிருந்தா அதை படிப்படியா மாத்தலாம், ஜப்பான் செஞ்ச மாதிரி. பல பத்தாண்டுகளா கிட்டத்தட்ட முழு தடை, 2014ல கொஞ்சம் தளர்த்தினாங்க, 2023 டிசம்பர்ல லைசென்ஸ்ல செஞ்ச பேட்ரியாட் ஏவுகணையை அமெரிக்காவுக்கு அனுப்ப வழி பண்ணாங்க, 2024 மார்ச்ல பிரிட்டன், இத்தாலியோட சேர்ந்து செய்யற போர் விமானத்தை மூணாவது நாட்டுக்கு விக்க அனுமதிச்சாங்க, 2025 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியா அவங்க மொகாமி வகை போர்க்கப்பலை தேர்ந்தெடுத்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல எடுத்த பயணம், அவசரமே இல்லாம.

உள்ளூர் ஆர்டர் இல்லாம வெளியூர் வியாபாரம் இல்ல

ரஃபேல் விமானத்துக்கு 2015ல எகிப்து வாங்கற வரைக்கும் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் கூட கிடையாது. அதுவரைக்கும் ஃப்ரான்ஸ் அரசாங்கம் வருஷத்துக்கு 11 விமானம்ங்கற குறைஞ்ச வேகத்துல லைனை உயிரோட வெச்சிருந்துச்சு, அதுக்கு கீழ போனா சப்ளையருங்க கடையை மூடிடுவாங்கன்னு அவங்களுக்கு தெரியும். அப்புறம் 2021 டிசம்பர்ல அமீரகம் மட்டும் 80 வாங்குச்சு. அந்த வருஷம் செப்டம்பர்லதான் ஆஸ்திரேலியா நீர்மூழ்கி டீல் கைவிட்டுப் போய் ஃப்ரான்ஸ் பெரிய அடி வாங்கியிருந்துச்சு.

எதிர்ப்பக்கம் தென்னாப்பிரிக்காவோட டெனல். ஜி5, ஜி6 பீரங்கி செஞ்ச கம்பெனி, ஒரு காலத்துல உலகமே திரும்பிப் பாத்துச்சு. உள்நாட்டு பட்ஜெட் சுருங்குச்சு, நிர்வாகம் கெட்டுச்சு, சம்பளமே முழுசா கொடுக்க முடியாத நிலைமை வந்து நல்ல இன்ஜினியருங்க வெளிநாட்டு கம்பெனிங்களுக்கு போயிட்டாங்க. டெக்னாலஜி ஒரு பெட்டில பூட்டி வெச்ச பொருள் கிடையாது, அது ஆளோட போயிடும்.

ஆக அரசாங்கம் செய்ய வேண்டியது, பல வருஷ ஆர்டரை ஒரே கான்ட்ராக்டா கொடுங்க, வருஷா வருஷம் புதுசா டெண்டர் போட்டு கொஞ்சம் கொஞ்சமா வாங்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு ஆர்டர் கைல இருந்தா சப்ளையர் பேங்க்ல லோன் வாங்கி மெஷின் போடுவார், ஒரு வருஷத்துக்கு மட்டும்னா இருக்கற மெஷின்லயே ஓவர்டைம் ஓட்டிட்டு நிறுத்திடுவார், அவர் மேல தப்பு சொல்ல முடியாது. இதோட, அமைதி காலத்துல கூட லைனோட முழு திறன்ல ஒரு பகுதியை சும்மா வெச்சிருக்க அரசாங்கமே பணம் கொடுக்கணும், தனியார் கம்பெனி சும்மா நிக்கற மெஷினுக்கு செலவு பண்ண மாட்டாங்க. 1993ல அமெரிக்க பென்டகன்ல கம்பெனி தலைவருங்களை விருந்துக்கு கூப்பிட்டு இனிமே இத்தனை பேருக்கு வேலை இருக்காது, சேர்ந்துக்கோங்கன்னு சொன்னாங்க, 51 பெரிய கான்ட்ராக்டர் 5 ஆச்சு. அப்ப அது சிக்கனம், முப்பது வருஷம் கழிச்சு அவசரம்னு வந்தப்ப போய்க் கேக்க ரெண்டாவது கம்பெனியே இல்ல.

வாங்கறவங்களோட உக்காரும்போது

இப்ப யாரும் பொருளை மட்டும் வாங்கறதில்ல. எங்க நாட்டுல ஃபேக்டரி போடுங்க, எங்க ஆளுங்களுக்கு கத்துக்கொடுங்க, ரிப்பேர் இங்கயே நடக்கணும்னு கேக்கறாங்க. ஐரோப்பிய யூனியன் 2025ல 15,000 கோடி யூரோ கடன் திட்டம் கொண்டு வந்துச்சு, சேஃப்னு பேரு, அதுல வாங்கற பொருளோட பார்ட்ஸ் மதிப்புல பொதுவா 35 சதவீதத்துக்கு மேல வெளில இருந்து வரக்கூடாது. இதுக்கு பதில் உள்ள போய் உக்கார்றதுதான். கே9 பீரங்கி செய்யற கொரியாவோட ஹன்வா கம்பெனி ஆஸ்திரேலியாவுல ஜீலாங்ல ஃபேக்டரி திறந்தாச்சு, ருமேனியாவுக்கும் அதே வழிதான், போலந்தோட 2025ல போட்ட ரெண்டாவது கே2 கான்ட்ராக்ட்லயும் ஒரு பங்கு டேங்க் போலந்துலயே தயாராகும்.

டெக்னாலஜியை கொடுத்தா நாளைக்கு அவங்களே போட்டியா வருவாங்களேன்னு பயம் வரும். வருவாங்க. அதுக்குள்ள நீங்க அடுத்த மாடலுக்கு போயிருக்கணும், எதை கொடுக்கறது எதை கைல வெச்சுக்கறதுன்னு பேச்சுவார்த்தைக்கு போறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். வெல்டிங், அசெம்பிளி, ரிப்பேர் தாராளமா கொடுங்க, சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோடும், ஏவுகணைக்கு இலக்கை தேடிக் காட்டற சீக்கர் தலையும் உங்ககிட்டயே இருக்கட்டும்.

அப்புறம் கடன். இதை நிறைய பேர் கடைசில நினைக்கறாங்க. போலந்து டீல் எவ்வளவு பெருசுன்னா ஏற்றுமதிக்கு கடன் கொடுக்கற கொரியாவோட எக்ஸிம் பேங்க் ஒரே வாடிக்கையாளருக்கு கொடுக்கற கடன் வரம்பை தொட்டுருச்சு, ரெண்டாவது கட்டம் அதனாலயே தேங்கி நின்னுச்சு, 2024 பிப்ரவரில பார்லிமென்ட்ல சட்டத்தை திருத்தி பேங்கோட மூலதன வரம்பை 15 லட்சம் கோடி வோன்ல இருந்து 25 லட்சம் கோடி வோன் ஆக்கினாங்க. டேங்க் ரெடி, ஆளு ரெடி, பேங்க் ரெடியில்லன்னா டீல் நிக்கும். உங்க ஏற்றுமதி பேங்க்ல டிஃபென்ஸுக்கு எவ்வளவு வரைக்கும் கடன் தர முடியும்னு இன்னைக்கே கேட்டு வெச்சுக்கோங்க.

ட்ரோனுக்கு வேற கடிகாரம்

மேல சொன்ன அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் பேச்செல்லாம் ட்ரோனுக்கு செல்லாது. உக்ரைன்ல சில நூறு டாலர் விலைல செய்யற, கேமரா வழியா பாத்து ஓட்டற எஃப்பிவி ட்ரோனை எதிரி ரேடியோ சிக்னலை கெடுக்கற ஜாமர் வெச்சு சில வாரத்துலயே முடக்கிடறான், அப்ப ஃப்ரீக்வென்சி மாத்தணும், அதுவும் போச்சுன்னா மெல்லிசான ஃபைபர் கேபிளை பின்னாடி விட்டுட்டே பறக்கற ட்ரோன் வருது. முன்னணில இருக்கற யூனிட் கம்பெனிக்கு நேரா ஃபோன் பண்ணி இது வேலை செய்யல, இதை மாத்துங்கன்னு சொல்றாங்க. 2024ல மட்டும் அவங்க 10 லட்சத்துக்கும் மேல ட்ரோன் செஞ்சாங்க.

இதுக்கு பழைய டெண்டர் முறை ஒத்து வராது. முந்நூறு பக்கம் ஸ்பெசிஃபிகேஷன் எழுதி ரெண்டு வருஷம் ட்ரையல் பாத்தா, வாங்கறப்ப அந்த பொருளுக்கு உயிர் இருக்காது. பொருளை வாங்காம திறனை வாங்குங்க, அதாவது மாசம் இத்தனை, டிசைன் நடுவுல மாறும், மாத்தறதுக்கு புதுசா அனுமதி வேணாம், சாஃப்ட்வேரும் ரேடியோவும் கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும்னு கான்ட்ராக்ட்லயே எழுதுங்க. பெருசா ஸ்டாக் பண்ணாதீங்க, அடுத்த வருஷம் அது வெறும் பிளாஸ்டிக். மோட்டாருக்கு காந்தம் எங்கிருந்து வருதுங்கற கேள்வி மட்டும் இங்கயும் விடாது.

டென்மார்க் ஒரு நல்ல வழி காட்டுச்சு. தன்கிட்ட இருந்து எடுத்துக் கொடுக்க பொருள் இல்லன்னதும் 2024ல பணத்தை உக்ரைன் கம்பெனிங்களுக்கே கொடுத்து அங்கயே செய்ய வெச்சாங்க, முதல் சுற்றுல 18 போஹ்டானா பீரங்கி. சின்ன நாடு கூட தனக்கு ஃபேக்டரி இல்லன்னாலும் ஒரு லைனை உயிரோட வெக்க முடியும்ங்கறதுக்கு இது சாட்சி.

யாருக்கு விக்கக்கூடாதுன்னும் எழுதி வையுங்க

மார்க்கெட் சூடா இருக்கறப்ப யார் கேட்டாலும் கொடுத்துடலாம்னு ஆசை வரும். இது பிஸ்கட் இல்ல, ஆளைக் கொல்ற பொருள், யார் கைல எங்க போய் சேருதுன்னு கேக்கறது உங்க கடமை, அதை சுமையா நினைக்காதீங்க. பொருளை யார் பயன்படுத்துவாங்கன்னு உறுதி சொல்ற எண்ட் யூசர் சர்டிஃபிகேட் வாங்கறதோட நிறுத்தாம, டெலிவரிக்கு அப்புறம் போய் சரிபார்க்கற உரிமையையும் கேளுங்க. கேட்டா சில வாடிக்கையாளர் விலகுவாங்க, தென்னாப்பிரிக்கா 2019ல அந்த நிபந்தனையால வளைகுடா ஆர்டர்கள் சிக்கி அடுத்த வருஷம் வாசகத்தை மாத்தினாங்க. அந்த அழுத்தம் உங்களுக்கும் வரும், அதுக்குத்தான் சொல்றேன், ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே கோடு எங்கன்னு பார்லிமென்ட்ல பேசி முடிவு பண்ணி வெச்சிருங்க, கைல செக் இருக்கறப்ப கோடு போட முடியாது. ஒரே வாடிக்கையாளரை நம்பி மொத்த ஃபேக்டரியும் நிக்கற நிலைமைக்கும் போகாதீங்க, அப்ப வேணாம்னு சொல்ற தைரியமே வராது.

ஆளுங்க

ஸ்டிங்கர் ஏவுகணையை பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, தோள்ல வெச்சு சுடறது. உக்ரைன் போரோட முதல் பத்து மாசத்துல 13 வருஷ உற்பத்தி காலியாச்சுன்னு அதை செய்யற ரேதியான் கம்பெனியோட அப்போதைய தலைவரே சொன்னாரு. மறுபடி செய்யலாம்னு பாத்தா பழைய எலக்ட்ரானிக்ஸ் பார்ட் சிலது உலகத்துலயே இல்ல, செய்யத் தெரிஞ்ச ஆளும் ஃபேக்டரில இல்ல. எழுபது வயசு தாண்டின ரிட்டையர்டு ஊழியர்களை வீட்டுல இருந்து கூப்பிட்டு வந்து, குடோன்ல தூசி படிஞ்சு கிடந்த டெஸ்ட் மெஷினை வெளில எடுத்து, இளசுங்களுக்கு கத்துக்கொடுக்க வெச்சாங்க. டிராயிங் பேப்பர் எல்லாம் பத்திரமாத்தான் இருந்துச்சு, ஆனா எந்த ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினா சத்தம் மாறும்ங்கறது பேப்பர்ல இருக்காது.

அதனால லைனை நிறுத்த வேண்டிய நிலைமை வந்தாலும் இதை செஞ்சுட்டு நிறுத்துங்க. ஒவ்வொரு முக்கியமான வேலைக்கும் அந்த ஆள் கை எப்படி போகுதுன்னு வீடியோ எடுங்க, பேசிக்கிட்டே செய்யச் சொல்லுங்க, ஏன் இப்படி செய்யறீங்கன்னு பக்கத்துல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கட்டும். ஒவ்வொரு சீனியர் கூடவும் ரெண்டு ஜூனியரை வருஷத்துல சில வாரமாவது உக்கார வையுங்க. பார்ட்டை பிடிச்சு வெக்கற ஜிக், ஃபிக்ஸர், அப்புறம் டெஸ்ட் பெஞ்ச் எதையும் பழைய இரும்புக்கு போடாதீங்க, கிரீஸ் போட்டு மூடி, லேபிள் ஒட்டி, எந்த குடோன்ல எந்த ரேக்ல இருக்குன்னு ரெண்டு பேருக்காவது தெரியற மாதிரி வையுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வெளில எடுத்து சின்னதா ஒரு பேட்ச் ஓட்டி பாருங்க, பத்து பீஸ் போதும், எந்த பார்ட் கிடைக்காம போச்சு, எந்த சப்ளையர் ஃபோனை எடுக்கலன்னு அன்னைக்கே தெரிஞ்சுடும்.